இரண்டு வருடக் காரிடார்

மார்ச் 3, செவ்வாய்

"உங்கள் அழைப்பு எங்களுக்கு..." வரைக்கும் பேசியிருந்தேன். 'முக்கியம்' என்பதற்குள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி குதித்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லையாம். பதிவு அப்படியே நின்றுவிட்டது. அழைப்பு அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது.

துணி அலமாரிக்குள், என் வீட்டுக்காரருடைய சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனும் கழுத்தில் வியர்வையுமாக உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு கோபம் வரும் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. வாஷிங்மெஷின், ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கம்பெனிக்காக டெலிபோனில் காத்திருப்போருக்கான வாக்கியங்கள். போன வருடம் கொஞ்சம் பேசிக் கொடுத்தேன். பிடித்துப்போய், இந்தத் தடவை மொத்தமும் என் தலையில். மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது என் குரல் இல்லை. அதெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது. மீதி முழுக்கக் காரிடார்.

இந்த மாடியில் மூன்று வீடு. கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முன்னால் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்றில் அம்மா, ஒன்றில் சித்தி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இவருடைய ஒற்றைச் செருப்பு காணாமல் போனது. ஜோடியாகப் போயிருந்தால் விட்டிருப்பார். ஒற்றையை எடுத்தவன் யார் என்று பார்த்தே தீருவேன் என்று காரிடாரில் ஒரு கேமரா மாட்டினார். அது பிடிப்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில் வந்து விழுகிற மாதிரி செய்தார். செருப்பு மறுவாரமே எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. கேமராவைக் கழற்றலாம் என்று ஏணி எடுக்கப் போனபோதுதான் அம்மாவுக்கும் சித்திக்கும் கால்மிதிச் சண்டை வந்தது.

அம்மா சொல்வது: "என் கால்மிதியை அவ காலால உதைச்சா. என் கண்ணால பார்த்தேன்."

சித்தி சொல்வது: "உதைக்கலை. நகர்த்தினேன்."

கால்மிதியை வேறு எதால் தொடுவது என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி முறைத்தார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த கடைசி காரியம் அதுதான். அன்றைக்கு நின்றது பேச்சு. கேமராவில் இருக்கிறது, அதை அழிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் சாட்சியாகிவிட்டது. அவள் முகத்தைத் திருப்பினாள், இவள் கதவை அறைந்தாள், எல்லாம் இருக்கட்டும்.

ஆக, இரண்டு வருடக் காரிடார் என் கம்ப்யூட்டரில் குடியிருக்கிறது, வாடகை இல்லாமல்.

மார்ச் 4, புதன்

அழிக்க அனுமதி கேட்டுப் போனேன்.

அம்மா: "நான் சரின்னு சொல்லிடுவேன். முதல்ல அவ வந்து என்கிட்ட கேக்கட்டும்."

சித்தி: "அக்கா வந்து கேட்டா நான் ஏன் வேண்டாங்கப் போறேன்?"

இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அழிக்கலாம். சம்மதம் சொல்ல இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டால் சாட்சிக்கே அவசியம் இருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? நான் பேசுகிற கம்பெனிக்கே போன் போட்டுக் காத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, போட்டுப் பார்த்துவிடுவோமே, யார் சொல்வது நிஜம் என்று தெரிந்துவிடும் என்றேன்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. அவ பார்க்கட்டும்." இது அம்மா. சித்தியும் அட்சரம் பிசகாமல் இதையே சொன்னார்.

நானாவது பார்க்கலாமா என்றால் அதுவும் கூடாது. "நீ பார்த்தா உன் மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். அப்புறம் நீ ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவே." இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். நானும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் பயம். அம்மா சொல்வது பொய் என்று தெரிந்தாலும் கஷ்டம், சித்தி சொல்வது பொய் என்று தெரிந்தாலும் கஷ்டம்.

கதை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. முதல் மாதம் 'நகர்த்தினேன்' என்ற சித்தி, அப்புறம் 'கையால் நகர்த்தினேன்' என்றார். இப்போது 'குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, தூசி தட்டி' வரைக்கும் வந்திருக்கிறது. அம்மா பக்கம் உதை வலுத்துவிட்டது. ஆரம்பத்தில் கொஞ்சம் விலகிய கால்மிதி இப்போதெல்லாம் பறந்து போய் படிக்கட்டில் விழுகிறது.

மார்ச் 6, வெள்ளி

இடி. சித்தி வீட்டைக் காலி செய்கிறாராம். அடுத்த மாத ஆரம்பத்தில் மகன் வீட்டுக்கே போய்விடுகிறாராம். விமானத்தில் போகிற தூரம்.

"இங்க எனக்கு யார் இருக்கா?" என்றார்.

நான் இருக்கிறேனே என்றேன். "நீ அலமாரிக்குள்ள இருக்கே," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "போகும்போது அந்த கேமரா படம் எனக்கு ஒரு பிரதி வேணும்," என்றார். அவ்வளவு தூரம் போய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கையில இருக்கணும்."

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய் ஏற்கனவே கழுவின டம்ளரை மறுபடி கழுவினாள். "போகட்டும்," என்றாள் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில். இந்த வயதில், அவ்வளவு தூரத்துக்குப் பேசாமலே பிரிந்துவிட்டால் அப்புறம் எங்கே பேசப் போகிறார்கள்? ஒரு கால்மிதிக்காக.

மார்ச் 7, சனி

எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கினேன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. இதற்குள் எங்கள் குடும்பம் அடங்கிவிடுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

விஞ்ஞானம் வாழ்க. திரையில் 'காரிடார்' என்று எழுதியிருக்கும் ஃபோல்டரைப் பிடித்து இழுத்து டிரைவில் போட்டேன். ராத்திரி வரைக்கும் ஆகும் என்று டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. டீயை ஊதக்கூட இல்லை. இரண்டு வருடத்தை ஒரு நொடியில் நகர்த்திவிட்டது. நல்ல பொருளுக்கு இதுதான் அடையாளம். கடைக்காரர் சொன்னபடியே வேகம்.

டிரைவில் 'காரிடார்' இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இடத்தை அடைப்பது இதுதான் என்று கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்த, அடி ஆழத்தில் இருந்ததை மொத்தமாக அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து பேசித் தள்ளிவிட்டேன். "சற்று நேரம் இணைப்பில் இருக்கவும்" பதினெட்டு விதமாக. இடம் கிடக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம் மாதிரி.

மார்ச் 11, புதன்

கடவுளே.

சித்தி பிரதி கேட்டார். டிரைவைச் செருகி 'காரிடார்' மேல் கிளிக் செய்தேன். 'இந்த இடத்தில் எதுவும் இல்லை' என்று வந்தது. மறுபடி கிளிக் செய்தேன். மறுபடியும் அதே. கேபிளைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டினேன். இல்லை. எங்கே போச்சு? இரண்டு வருஷம் எங்கடி போச்சு?

சித்தி சோபாவில் உட்கார்ந்து காத்திருக்கிறார். இன்னும் ஏறிக்கிட்டிருக்கு சித்தி, நேரமாகும், நாளைக்குத் தர்றேன் என்றேன். என் தொழில் குரல் தானாக வந்துவிட்டது. சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

இவர் வேலை முடிந்து வந்ததும் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது ஃபோல்டர் இல்லை. குறுக்குவழி."

"என்ன வழி?"

"ஃபோல்டர் உள்ளே எங்கேயோ இருக்கும். நீ தேடி அலையக் கூடாதுன்னு நான்தான் வெளிய ஒரு குறுக்குவழி வெச்சுக் கொடுத்தேன். நீ அதை மட்டும் டிரைவுக்கு எடுத்துட்டுப் போயிருக்கே. வீட்டை விட்டுட்டு வாசல் பெயர்ப்பலகையை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போன மாதிரி."

"வீடு?"

"நீதான் இடிச்சிட்டியே."

அந்த டிரைவ் ஏன் அவ்வளவு வேகமாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

மார்ச் 12, வியாழன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அழித்ததை மீட்க முடியும் என்று போர்டு போட்டிருக்கிறார். ரொம்ப நேரம் ஏதேதோ ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அழிச்ச உடனே கொண்டுவந்திருந்தா முடிஞ்சிருக்கும் மேடம். அதுக்கப்புறம் நீங்க இதுல நிறைய பதிவு பண்ணிட்டீங்க. எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை இருந்த இடத்துல இப்ப உங்க குரல்தான் உட்கார்ந்திருக்கு."

"என்ன சொல்லுது?"

ஒன்றைத் தட்டிவிட்டார். கடை முழுக்க என் குரல் கேட்டது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

மார்ச் 13, வெள்ளி

எப்படிச் சொல்வது? யாரிடம் முதலில் சொல்வது? யாரிடம் முதலில் சொன்னாலும் அந்தப் பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன். இவர், "ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல சொல்லிடு," என்றார். சொல்வது சுலபம். கேமரா மாட்டினவர் தப்பித்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். காரிடாருக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு அழைப்பு மணியையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். இரண்டு கதவும் திறந்தன. இரண்டு பேரும் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேமரா படம் எல்லாம் போய்விட்டது, இனி கிடைக்காது என்றேன். குறுக்குவழியை விளக்கப் பார்த்தேன். எனக்கே புரியவில்லை.

பிறகு சித்தி, என்னைப் பார்த்தபடியே, "அக்கா, உன் பொண்ணு சொல்றது கேட்டியா?" என்றார்.

அக்கா.

"கேட்டேன் கேட்டேன்," என்றாள் அம்மா. "சின்ன வயசுலயே இவ இப்படித்தான். எதையும் வெச்ச இடத்துல வெக்க மாட்டா. நீதான் அப்போ செல்லம் கொடுத்தே."

"நானா கொடுத்தேன்? நான் கண்டிச்சப்பெல்லாம் நடுவுல வந்தது யாரு?"

"ரெண்டு வருஷம்டி. ரெண்டு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்து நிக்குது."

"அதுவும் என்ன நிதானமாச் சொல்லுது பாரு, போன்ல பேசுற மாதிரி."

"உள்ள வா. இவளை வெச்சுக்கிட்டு இங்க நிக்க முடியாது."

சித்தி அம்மா வீட்டுக்குள் போனார். கால்மிதியை மிதித்துக்கொண்டுதான் போனார். கதவு என் முகத்துக்கு முன்னால் சாத்திக்கொண்டது. உள்ளே வெகு நேரம் என்னைத் திட்டும் சத்தம். மாற்றி மாற்றி, மூச்சு வாங்க, ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர்.

காரிடாரிலேயே உட்கார்ந்து அழுதேன். திட்டு வாங்கியதற்கு இல்லை.

மார்ச் 16, திங்கள்

இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவர் மூலமாகத்தான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், "மாப்பிள்ளை, அவளை அந்தக் குடையைத் தரச் சொல்லுங்க," என்கிறாள் அம்மா. இவர் என்னிடம் திரும்பி, "குடையைத் தருவியாம்," என்கிறார். இவருக்கு இது பிடித்திருக்கிறது.

மார்ச் 18, புதன்

இன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்தது. மத்தியானம் குடையைக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. மேஜை மேல் அம்மாவின் போன், ஸ்பீக்கரில். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். போனுக்குள் நான், போன வருடம் பேசினது: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து காத்திருக்கவும்."

"வருந்தட்டும்," என்றார் சித்தி.

"இன்னொரு தரம் சொல்லுவா, இரு," என்றாள் அம்மா. "பாட்டு முடிஞ்சதும் சொல்லுவா."

பாட்டு முடிந்தது. சொன்னேன்.

"இந்தத் தடவை கொஞ்சம் மனசார சொன்ன மாதிரி இருக்கு," என்றார் சித்தி.

கம்பெனிக்காரர் யாரோ எடுத்து ஹலோ என்றதும் பதறிப்போய் வைத்துவிட்டார்கள். தினமும் டீக்குப் பிறகு இது நடக்கிறது என்று இவர் சொன்னார். முன்பே தெரியுமாம். குடையை வாசலில் சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 21, சனி

இனி எதற்குக் கேமரா என்று இவர் ஏணி போட்டு ஏறினார். ஏறினவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இங்க வந்து பாரேன்."

லென்ஸ் தெரியவில்லை. அதன் மேல் சிலந்தி வலை, பஞ்சு மாதிரி கெட்டியாக. நடுவில் ஒரு குண்டுச் சிலந்தி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"இது ஒரு மாசத்துல கட்டின வலை இல்லை," என்றார். "பரம்பரை பரம்பரையா இருந்திருக்கு."

அப்படியானால் இத்தனை நாள் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது என்ன? சிரிப்பு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இவர் விழப் பார்த்தார்.

கழற்றும்போது கேமராவின் அடியிலிருந்து நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு விழுந்தது. இப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாராம். மாட்டின புதிதில் கொஞ்ச நாள் பதிவாகி, நிறைந்து, அதோடு நின்றிருக்கும் என்றார். மாட்டின புதிதில். அதாவது கால்மிதி நாள்.

மார்ச் 22, ஞாயிறு

சத்தியத்தை மீறிவிட்டேன். சத்தியம் செய்த பொருளே அழிந்துபோன பிறகு சத்தியத்துக்கு என்ன பலம்? இப்படி ஒரு சமாதானம்.

படம் வந்தது. அப்போதே சிலந்தி குடிவந்திருக்கிறது. திரை முழுக்க எட்டுக் காலும் ஒரு வயிறும். அதற்குப் பின்னால் நிழல் மாதிரி ஏதோ அசைகிறது. காலா கையா, மனுஷியா கதவா, எதுவும் தெரியவில்லை. அணைக்கப் போனேன். அப்போதுதான் சத்தம் இருப்பது தெரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

சித்தியின் குரல்: "அக்கா, உன் கால்மிதி ஒரு பக்கமா போயிருக்கு. தடுக்கி விழுந்திடப் போறே. நேராக்கிடறேன்."

வீட்டுக்குள்ளிருந்து, தூரத்தில், அம்மா: "நீ குனியாதடி. நேத்துதானே இடுப்பு பிடிச்சிருக்குன்னு சொன்னே. காலாலயே தள்ளி விடு."

தரையில் சரக்கென்று ஒரு உரசல். கதவு திறக்கும் சத்தம். அம்மா, இப்போது கிட்டத்தில்: "அதுக்காக ஏண்டி, இப்படியா உதைக்கிறது?"

"நகர்த்தினேன்."

"உதைச்சே. பார்த்தேன்."

அவ்வளவுதான். அப்புறம் சிலந்தி.

திரும்பத் திரும்பக் கேட்டேன். சொன்னது அம்மா. இவ்வளவு அன்பாகச் சொல்லிவிட்டு, கதவு வரைக்கும் நடந்து வருவதற்குள் மறந்துவிட்டாள். சித்தியும் மறந்துவிட்டார். ஒரு வாக்கியம், இரண்டு பேருக்கும் நினைவில்லை. அந்த 'குனியாதடி'யில் நிறுத்தி, மறுபடி அங்கிருந்தே ஓட்டினேன்.

மார்ச் 24, செவ்வாய்

கார்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினால் என்ன என்று இரண்டு நாளாக யோசனை. பழி என்னை விட்டுப் போகும். என்னோடு பேசுவார்கள்.

அப்புறம்? அம்மா என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியும். 'நானா சொன்னேன்? அது என் குரலே இல்லை. இவதானே விதவிதமாப் பேசிச் சம்பாதிக்கிறவ.' சித்தி விடுவாரா? 'சொல்லிட்டு என்னைப் பழி சுமத்தினியா?' மறுபடி இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். இந்தத் தடவை தப்பு யாருடையது என்பது வேறு தெளிவாக இருக்கும்.

இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என் தப்பு ஒன்றுதான். அது அங்கேயே இருக்கட்டும்.

அழித்தேன். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது. இவ்வளவு நாளில் என்னிடம் நேரடியாக அனுமதி கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச் 27, வெள்ளி

வாக்கியங்கள் எல்லாம் பேசி அனுப்பிவிட்டேன்.

சித்தி போகவில்லையாம். மகனிடம் போனில் சொன்னதை இவர் கேட்டாராம்: "எப்படிடா வர்றது? பெரியம்மாவைத் தனியா விட முடியுமா? பொண்ணு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாது."

மார்ச் 31, செவ்வாய்

கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஒன்றே ஒன்றைத் தவிர. "'உங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு நீங்க சொல்றப்ப பின்னாடி யாரோ பேசுறாங்க மேடம். கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க."

கேட்டேன். என் குரல் கனிந்து குழைந்து நன்றி சொல்கிறது. அதற்குப் பின்னால், அலமாரிக் கதவையும் சட்டைகளையும் தாண்டி, காரிடாரிலிருந்து அம்மா: "குனியாதே, குனியாதே. காலால தள்ளு." சித்தி: "தெரியும், நீ பேசாம இரு." அப்புறம் இரண்டு பேர் சிரிப்பு, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல்.

அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பேசி அனுப்பினேன். கெட்டுப்போன பழையதை அழிக்கவில்லை. காலியாகக் கிடந்த டிரைவை எடுத்துச் செருகி, அதில் போட்டு வைத்தேன். குறுக்குவழி இல்லை, அசல்தான் என்று ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டேன்.